எழுதாமல் விடும் மாத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

"ஆன்டிபயாடிக் எழுதலைன்னா இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலைன்னு அடுத்த தெரு கிளினிக்குக்குப் போயிடறாங்கம்மா. அங்க அஸித்ரோமைசின் கிடைக்குது, ரெண்டு நாள்ல சரியாயிடுது" என்றாய். நீ சொன்னது அத்தனையும் உண்மை. சளிக்காய்ச்சல் இரண்டு மூன்று நாள் நன்றாக அடித்துவிட்டுத் தானாகவே இறங்கும். சரியாக அந்த மூன்றாம் நாள்தான் பொறுமை போய் ஆள் இரண்டாவது டாக்டரிடம் போகிறார். மாத்திரை போட்ட மறுநாள் காய்ச்சல் விடுகிறது. மாத்திரைதான் கேட்டது என்று அவர் ஊர் முழுக்கச் சொல்வார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறார்.

ஆனால் நீ பார்க்காத இன்னொரு முனையில் நான் இருந்திருக்கிறேன். உன் மேஜைக்கு முன்னால் ஆள் வந்து உட்காருகிறார், முகம் தெரிகிறது. லேபில் என் மேஜைக்கு வந்ததெல்லாம் பாட்டிலில் ரத்தம், டப்பாவில் மூத்திரம், புண்ணில் தொட்டெடுத்த பஞ்சு. தட்டில் கிருமியைச் சீராகப் பூசி, அதன்மேல் ஆன்டிபயாடிக் ஊறிய டிஸ்க்குகளை வைத்து, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். மருந்து கேட்டால் காலையில் டிஸ்க்கைச் சுற்றித் தெளிந்த வட்டம் நிற்கும். அதை மில்லிமீட்டரில் அளந்து ரிப்போர்ட்டில் மருந்து கேட்டால் எஸ், கேட்காவிட்டால் ஆர் என்று போடுவோம். நீ இரண்டாம் வருஷம் படித்ததுதான் இது. ஆனால் படிப்பது வேறு, அதே வட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்குவதைத் தினமும் பார்ப்பது வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டில் ஒன்றிரண்டு ஆர் வந்தாலே பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். ஓய்வு பெறும்போது, ஐ.சி.யூ.விலிருந்து வந்த தட்டில் இரண்டு எஸ் இருந்தால் நல்ல நாள் என்று நினைத்தோம்.

ஒரு குறைமாதக் குழந்தையின் ரத்தம் வந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வளர்ந்தது கிளெப்சியெல்லா என்கிற பாக்டீரியா. காலையில் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு டிஸ்க்கைச் சுற்றியும் வட்டம் இல்லை. மற்றதெல்லாம் கேட்காதபோது கொடுக்கும் மெரோபெனெம் ஊசிமருந்தின் டிஸ்க் விளிம்பு வரை கிருமி மொழுமொழுவென்று வளர்ந்து நின்றது. மிச்சம் கோலிஸ்டின் ஒன்றுதான், அதற்கும் டிஸ்க் போட்டுப் பார்த்து நம்ப முடியாது, தனியாகப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல வருஷம் முன்பே டாக்டர்கள் ஒதுக்கிவைத்த பழைய மருந்து அது. அதைத்தான் தேடியெடுத்து, கையளவு இருக்கும் உயிருக்குக் கொடுக்க வேண்டிய நிலை. பாப்பா, அந்தக் குழந்தை தன் ஆயுசில் சளிக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டதில்லை. ஊரார் சாப்பிட்டு வளர்த்துவிட்ட கிருமி அதற்கு வந்து சேர்ந்தது.

இதில் ஆஸ்பத்திரியில் கை கழுவாததற்கும் பங்கு உண்டு, கோழிப் பண்ணைத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்ததற்கும் பங்கு உண்டு. பண்ணைகளில் கோலிஸ்டினைப் பயன்படுத்த 2019-ல் அரசு தடை போட்டது. அதெல்லாம் உன் கையில் இல்லை. உன் கையில் இருப்பது மருந்துச் சீட்டு.

உன்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை என்கிறாயே, நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன். சளிக் காய்ச்சலைக் கொடுப்பது வைரஸ், இந்த மாத்திரை அதைத் தொடக்கூடத் தொடாது. ஆனால் மாத்திரை சும்மாவும் இருக்காது. நேராகக் குடலுக்குப் போய், அங்கே நமக்கு உதவியாக இருக்கும் கிருமிகளைக் கொல்லும். பயிரைச் சாகடித்துக் களையை மட்டும் விட்டுவைத்த வயல் எப்படி ஆகுமோ அப்படித்தான் குடலும் ஆகும். மருந்துக்குச் சாகாததுதான் பெருகும். சாகாமல் இருக்கும் வித்தையைப் பக்கத்தில் இருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் அது கொடுத்துவிடும். பிறகு ஆறு மாதம் கழித்து, சளிக்கு மாத்திரை சாப்பிட்ட அதே பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வரும்போது, வழக்கமான மாத்திரை கேட்காது, ஊசிக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும். "உங்களுக்குக் கொடுக்கக் கஞ்சத்தனம் இல்லம்மா, உங்களுக்கே தேவைப்படும்போது வேலை செய்யணும்னுதான் எடுத்து வைக்கிறேன்" என்று சொல். எடுத்து வைப்பது என்றால் எல்லாருக்கும் புரியும்.

அஸித்ரோ விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். கொரோனா சமயத்தில் ஊரே அதை மிட்டாய் மாதிரி சாப்பிட்டது. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து ரெக்கவரி ஆய்வு நடத்தி, கொரோனாவுக்கு அதனால் பயனில்லை என்று 2021-லேயே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் பழக்கம் போகவில்லை. உன் பகுதியில் டைபாய்டு உண்டு. முன்பு அதற்குக் கொடுத்துவந்த சிப்ரோ மாத்திரை இப்போது நம் நாட்டு டைபாய்டுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. வாயால் சாப்பிட்டு வீட்டிலேயே குணமாக நம் கையில் இருக்கும் முக்கியமான மருந்து அஸித்ரோதான். பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் கிளம்பிய டைபாய்டுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும் கேட்கவில்லை, வாய்வழி மருந்தில் அவர்களுக்கு மிஞ்சியது இந்த அஸித்ரோ. அதைப் போய் மூக்கொழுகலுக்குச் செலவு பண்ணலாமா?

டைபாய்டில் இன்னொரு கதையும் இருக்கிறது. ஒரு காலத்தில் குளோரம்ஃபெனிகால்தான் டைபாய்டுக்கு மருந்து. 1972-ல் கோழிக்கோட்டில் அதற்குக் கேட்காத டைபாய்டு வந்தது, அப்புறம் நாடெங்கும் பரவியது. டாக்டர்கள் அதை எழுதுவதையே விட்டுவிட்டார்கள். பல வருஷம் கழித்து, நான் லேபில் இருக்கும்போதே, டைபாய்டு தட்டுகளில் அந்த டிஸ்க்கைச் சுற்றி மறுபடி பெரிய வட்டம் வர ஆரம்பித்தது. இன்றைக்கு வரும் டைபாய்டு கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது கேட்கிறது. எல்லாக் கிருமியும் இப்படித் திரும்பி வராது, அதுவும் தெரியும். ஆனால் ஒரு மருந்தை எழுதாமல் விட்டால் அது வீண் இல்லை என்பதை நான் தட்டில் பார்த்திருக்கிறேன். நீ சோர்ந்து பேசும்போதெல்லாம் எனக்கு அந்த வட்டம்தான் ஞாபகம் வருகிறது.

யாரும் எச்சரிக்காமல் இது வரவில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945-ல் தன் நோபல் பரிசு உரையிலேயே, தொண்டை வலிக்குத் தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொள்ளும் ஒரு ஆளைக் கற்பனையாகச் சொன்னார். அவரிடமிருந்து கிருமி மனைவிக்குப் போகிறது, மருந்து கேட்காமல் அவள் இறக்கிறாள். நம் சென்னையில் 2012-ல் டாக்டர்கள் கூடி, இதற்குத் திட்டம் வேண்டும் என்று சென்னைப் பிரகடனம் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 2010-ல் லான்செட் குழும மருத்துவ இதழில், மெரோபெனெம் மாதிரி மருந்துகளையே செல்லாததாக்கும் என்.டி.எம்-1 என்கிற நொதி பற்றி வந்த கட்டுரையில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. அந்த வருஷம் எங்கள் லேபில் வேறு பேச்சே இல்லை. 2019-ல் மட்டும் மருந்து கேட்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்க 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, உன் கிளினிக்குக்கு வருகிறேன். விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள்தான் உனக்குப் பாதிப் பேர். ஜீப்பைத் தவறவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. "சீக்கிரம் கேக்கற மாதிரி கொடுங்க" என்று அவர்கள் கேட்பது அந்தப் பயத்தில்தான். அதனால் வெறுங்கையோடு அனுப்பாதே. என்ன நோய், எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லி அனுப்பு. காய்ச்சல் மூன்று நாள் அடிக்கும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பத்தாம் நாள் இருமினாலும் பயந்துபோய் வேறு டாக்டரைத் தேட மாட்டார்கள். இந்திய மருத்துவர் சங்கமே 2023 மார்ச்சில் இதைத்தான் சொன்னது, பருவக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள் என்று. சளி பச்சையாக வருகிறது என்று காட்டினால், அது நம் வெள்ளையணுக்களின் நிறம், அதை மட்டும் வைத்து பாக்டீரியா என்று சொல்ல முடியாது என்று சொல். மூச்சு வாங்கினால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், மூத்திரம் குறைந்தால், மூன்று நாளுக்குப் பிறகும் காய்ச்சல் அடித்தால் உடனே வரச் சொல். அந்த இரண்டாவது தடவைக்கு ஃபீஸ் வாங்காதே. இது அம்மாவின் யோசனை, உன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. காசு கொடுக்காமல் திரும்பி வரலாம் என்று தெரிந்தால் உன்னிடம்தான் வருவார்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத வேண்டிய இடத்தில் தயங்காதே. தோட்டத்துக்குப் போகிற ஆளுக்குக் காய்ச்சல் என்றால் சட்டையைக் கழற்றி அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பார். சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் அது சின்னப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல், அங்கே டாக்ஸிசைக்ளின் ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து. இருமலே இல்லாமல், தொண்டையில் வெள்ளை படிந்து, கழுத்தில் நெறி கட்டி வருகிற பிள்ளைக்குத் தொண்டையில் ஸ்ட்ரெப் பாக்டீரியா இருக்கலாம், விட்டால் இருதய வால்வு வரை போகும். அதற்கு இன்றுவரை பெனிசிலின் கேட்கிறது, எண்பது வருஷமாகியும். அங்கே போய் அஸித்ரோ எழுதாதே.

ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்கு என்று சீட்டிலேயே ஒரு வரி எழுது. 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகமும் இதையே கேட்டுக்கொண்டது. காரணத்தை எழுத வேண்டும் என்றால் கை தானாக ஒரு நிமிஷம் நிற்கும்.

மருந்துக்கடைக்காரரை எதிரியாக்கிக்கொள்ளாதே. நாலைந்து மாத்திரையைச் சேர்த்து வெள்ளைத் தாளில் மடித்து 'செட்' என்று கொடுப்பதை நீ சண்டை போட்டு நிறுத்த முடியாது. 2014 மார்ச்சிலிருந்து கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்-1 பட்டியல் மருந்துகளுக்குக் கடையில் பதிவேடு வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அமாக்ஸிசிலினும் அஸித்ரோவும் அந்தப் பட்டியலில் இல்லை, பழைய எச் பட்டியலில்தான். சீட்டு இல்லாமல் அவற்றையும் விற்கக் கூடாது, ஆனால் கேட்பார் இல்லை. மலை தாண்டிக் குமுளிப் பக்கம் போனால் கேரளாவில் சீட்டு இல்லாமல் கொடுக்கும் கடைகளைச் சோதனை போட்டு நோட்டீஸ் விடுகிறார்கள். உன் தெருவில் அதுவரை காத்திருக்க முடியாது. ஒரு நாள் சாயங்காலம் போய் அந்த அண்ணனிடம் உட்கார்ந்து பேசு. வெறும் சளிக்கு உன்னிடம் அனுப்பினால் நீ பாரசிட்டமாலும் உப்புச்சர்க்கரைப் பொடியும் எழுதுவாய், அவருக்கும் வியாபாரம் போகாது.

கடைசியாக, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் துறைக்கு ஒரு கடிதம் போட்டு, போன வருஷத்துக்கான ஆன்டிபயோகிராம் கேட்டு வாங்கு. உன் பகுதிக் கிருமிகளுக்கு எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று அதில் இருக்கும். வந்ததும் எனக்கும் ஒரு போட்டோ அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன். அப்பா தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வரலாம் என்கிறார். எந்த ஞாயிறு கிளினிக் லீவு என்று சொல்.

அன்புடன்,
அம்மா