ஒன்பது மாத வேலைக்குப் போகும் காருக்கும் முழுக் காப்புறுதி வேண்டும்

பிரித்தானியாவின் கார் காப்புறுதி நிறுவனங்களுக்கு,

வணக்கம். ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்த வேலைக்காக ஜேர்மனிக்கும் நெதர்லாந்துக்கும் போய்வருகிற லண்டன்வாசிகளில் நானும் ஒருவன். சொந்தக் காரையே கொண்டுபோகத்தான் எங்களில் பலருக்கு விருப்பம். போன இடத்தில் ஒன்றை வாங்கி, வேலை முடிந்ததும் நட்டத்துக்கு விற்றுவிட்டு வருவது கட்டுப்படியாகாது.

இதற்குச் சட்டம்தான் குறுக்கே நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 12 மாதத்துக்குக் குறைவாக வெளியே போகும் காரை, இங்கே வாகனப் பதிவைக் கவனிக்கும் டிவிஎல்ஏ ஏற்றுமதியாகக் கணக்கெடுப்பதில்லை. காரின் பதிவுப் பத்திரமான லாக் புக் கையில் இருக்க வேண்டும்; இங்கே வீதி வரியும், எம்ஓடி என்ற வருடாந்த வாகனப் பரிசோதனையும் காலாவதியாகக் கூடாது, அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விதி இன்னும் தாராளமானது. வெளியிலிருந்து வரும் சாதாரணப் பயணியின் காருக்கு 6 மாதம்தான் அனுமதி; ஆனால் குறித்த காலப் பணிக்காக வருகிறவர், அந்தப் பணி முடியும்வரை காரைச் சுங்க வரி இல்லாமல் வைத்திருக்கலாம். உள்ளூர்ப் பதிவு விதி நாட்டுக்கு நாடு மாறும், அதை நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம்.

மறிப்பது உங்கள் பாலிசி.

2021 ஆகஸ்ட் 2 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஓட்ட, காப்புறுதிக்குச் சான்றான பச்சை அட்டை தேவையில்லை. சட்டம் கேட்கிற குறைந்தபட்சக் காப்புறுதி உங்கள் எல்லாப் பாலிசியிலும் அங்கே செல்லும். ஆனால் நாங்கள் காசு கட்டி வாங்கிய முழுக் காப்புறுதி? பெரும்பாலான பாலிசிகளில் அது 30, 60 அல்லது 90 நாளோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஹம்பர்க்கில் கார் களவு போனால் நட்டம் எங்களுக்கு. நாங்கள் இடித்தால் எதிராளியின் காருக்குப் பணம் கிடைக்கும், எங்கள் காருக்குக் கிடைக்காது.

சரி, இங்குள்ள பாலிசியை நிறுத்திவிட்டு அங்கே எடுக்கலாமே என்பீர்கள். அங்குள்ள நிறுவனங்கள் பொதுவாக அந்நாட்டு இலக்கத் தகடு உள்ள காரைத்தான் ஏற்கும். இங்கே பதிவான காருக்குக் காப்புறுதி இல்லாமல் விட்டால் 2011 முதல் அபராதம். சோர்ன் என்ற அறிவிப்பை டிவிஎல்ஏக்குக் கொடுக்கலாமா என்றால், அது வீதியில் ஓடாமல் நிற்கும் காருக்கானது. சில தரகர்கள் தனியாக ஏற்பாடு செய்து தருகிறார்கள்தான். அதைத் தேடிப்பிடிப்பதே ஒரு வேலை. உங்களை அழைத்தால் வரும் முதல் கேள்வி, “விடுமுறைக்குப் போகிறீர்களா?” வெளிநாடு என்றால் இரண்டு வாரம் கடற்கரை என்றே உங்கள் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. வலப்பக்க ஸ்டியரிங்கோடு, வலப்பக்கமாக ஓட்டும் அந்நாட்டு வீதியில் முந்திப்போவது ஆபத்துத்தான், அதற்குக் கூடுதலாக அறவிடுங்கள். வேலை கொடுப்பவரின் கடிதத்தையும், ஒப்பந்தத் திகதிகளையும், கார் இரவில் நிற்கும் வெளிநாட்டு முகவரியையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடியும் நாள்வரை, 12 மாதத்துக்கு உட்பட்டு, முழுக் காப்புறுதி தாருங்கள். அந்தக் காலத்தில் விபத்தில்லாமல் ஓட்டியதை, இழப்பீடு கேட்காதவருக்குத் தரும் கட்டணக் கழிவான நோ கிளெய்ம் போனஸில் சேருங்கள்.

விலை கேட்கும் இணையப் படிவத்தில் ‘வெளிநாட்டில் தற்காலிக வேலை’ என்று ஒரு பெட்டியையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம் எவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டுவதா இல்லையா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
லண்டனில் இருந்து ஒப்பந்தப் பொறியாளர் ஒருவர்