வெயில் விழும் ஓரிடத்துக்குப் புல்லா, கொய்யாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த வீட்டுத் தோட்டக் கட்டுரை, சிறிய மனை வைத்திருப்பவர்கள் பழமரம் நட்டு இடத்தை அடைத்துக்கொள்வதைவிடப் பராமரிப்பு குறைந்த அலங்காரப் புல் வகைகளை நடுவதே நல்லது என்று முடிந்திருந்தது. புல்லின் அழகைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. மரத்தை அவர் தள்ளிவைத்த விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை. மரம் என்றதும் மாவையும் பலாவையும் மனத்தில் வைத்துக்கொண்டு, புல் என்றதும் தொட்டியில் நிற்கும் ஒரு சிறு தூரை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால், மரம் தோற்கத்தான் செய்யும். இரண்டரை சென்ட் மனையில் வீடு கட்டியது போக எஞ்சும் இடத்துக்கு உண்மையிலேயே போட்டியிடக் கூடியவை, நர்சரிகளில் ‘ஃபவுண்டன் கிராஸ்’ என்று விற்கப்படும் பென்னிசெட்டம் புல்லும் கொய்யாவும்தான். இரண்டுக்கும் முழு வெயில் வேண்டும். நம்மில் பலருடைய வீட்டில் நாள் முழுவதும் வெயில் விழும் இடம் ஒன்றுதான் இருக்கும் என்பதால், அதை எதற்குக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் புல்லுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது நம் கம்புக்கு நெருங்கிய உறவு. கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தாலே அந்தச் சாயல் தெரியும். கம்பங்கதிரில் மணி நெருங்கிக் கெட்டியாக இருக்கும். இதிலோ மணி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய மயிர்கள் நீண்டு நிற்கும். சாய்ந்த வெயில் பின்னாலிருந்து படும்போது அந்த மயிர்களின் நுனி மட்டும் ஒளிர்வது உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சி. வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும், உரம் கேட்காது, மதிலோரத்தில் ஓரடி அகலம் இருந்தால் போதும், மொட்டை மாடித் தொட்டியிலும் வளரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் போகும்போது எடுத்துச் செல்லலாம். இவ்வளவும் கொய்யாவிடம் எதிர்பார்க்க முடியாதவை.

ஆனால் பராமரிப்பு குறைவு என்பதை அப்படியே ஏற்பதற்கில்லை. பழைய தாள்களைத் தரையிலிருந்து அரையடி உயரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது அறுத்துவிடாவிட்டால், காய்ந்த தாளும் பச்சைத் தாளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வைக்கோல் போரின் அடிப்பாகம் போலாகிவிடும். சில ஆண்டுகளில் தூரின் நடுப்பகுதி பட்டுப்போய் ஓரங்களில் மட்டும் பச்சை நிற்கும். அப்போது தோண்டி, தூரைப் பிரித்து, மறுபடி நட வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் கவனிக்காமல் விட்ட தூர் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதையும், அதன் பக்கத்திலேயே மின்மீட்டர் பெட்டியை வைத்திருக்கும் வீடுகள் நம் தெருக்களில் ஏராளம் என்பதையும் கட்டுரையாளர் நினைத்துப் பார்த்திருக்கலாம்.

கட்டுரையில் அறவே இல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. ஃபவுண்டன் கிராஸ் என்ற ஒரே பெயரில் குறைந்தது இரண்டு வகைகள் விற்பனையாகின்றன. கருஞ்சிவப்பு இலையுள்ள வகை முளைக்கும் விதையைப் பெரும்பாலும் உண்டாக்குவதில்லை. தூரைப் பிரித்துத்தான் பெருக்க முடியும். பச்சை இலையும் வெளிர்நிறக் கதிரும் கொண்ட வகை அப்படியல்ல. அதன் விதை காற்றில் பறந்து போய் விழும் இடத்தில் முளைக்கும். முளைக்க நேரம் வாய்க்காவிட்டால் மண்ணிலேயே சில ஆண்டுகள் உயிரோடு காத்துக்கிடக்கும். வடஆப்பிரிக்கா, மேற்காசியப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இந்தப் புல், ஹவாய்த் தீவுகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்காகக் கொண்டுபோகப்பட்டது. இன்று அங்கே எரிமலைக் குழம்பு உறைந்த வெற்றுப் பாறைவெளிகளில்கூடப் பரவி, காய்ந்து, தீயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் எரிபொருளாக இருக்கிறது. தீ அணைந்ததும் அடித்தூரிலிருந்து முதலில் துளிர்ப்பதும் அதுவே. கேனரித் தீவுகளும் இதே தொல்லையை அனுபவிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2017ஆம் ஆண்டு இதை ஊடுருவும் அயல் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்து, விற்பனையைத் தடைசெய்தது.

திருச்சியின் நகர்ப்பகுதியில் இருக்கும் என் போன்றவர்களின் வீட்டு வாசலிலிருந்து ஒரு காடு அழிந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் தங்கள் நாளிதழை ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் கொல்லிமலையிலும் வாசிக்கிறார்கள். அங்கே விருந்தினர் விடுதி நடத்துபவர்களும் தோட்டம் போடுகிறார்கள். இன்று முதுமலைக் காட்டுக்குள் யானைகளின் மேய்ச்சலைக் குறைத்துக்கொண்டு புதர் புதராக மண்டியிருக்கும் உண்ணிச்செடி இந்தியாவுக்குள் வந்ததே பூந்தோட்ட அலங்காரத்துக்காகத்தான். அயல் தாவரங்களின் ஊடுருவலைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு தனிக் கொள்கையே வெளியிட்ட பின்னும், எந்த வகை விதை பரப்பும், எது பரப்பாது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் புல்லைப் பரிந்துரைப்பது சரியல்ல.

கொய்யாவும் அயல்நாட்டுச் செடிதானே என்று யாராவது கேட்கக்கூடும். ஆம், அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்ததுதான். சில தீவுகளில் அதுவும் காடு புகுந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே அது பல தலைமுறைகளாக விளைநிலப் பயிராக இருந்துவருகிறது. பழனிக்கு அருகிலுள்ள ஆயக்குடியின் பெயரே கொய்யாவோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

மரம் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்ற குற்றச்சாட்டுக்குக் கொய்யா கட்டுப்படாததற்குக் காரணம் அதன் காய்ப்பு முறையில் இருக்கிறது. கொய்யா அந்தப் பருவத்தில் புதிதாக வரும் தளிரின் இலைக்கணுவில்தான் பூக்கும். ஆகையால் கிளையின் நுனியை நறுக்குவது காய்ப்பைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஒருமுறையும் செப்டம்பர், அக்டோபரில் ஒருமுறையும் முந்தைய வளர்ச்சியின் நுனியில் ஒரு சாண் அளவுக்குக் கவாத்து செய்தால், வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளிர்கள் வெடித்து, அவற்றிலேயே வெள்ளைப் பூக்கள் வந்துவிடும். நெட்டுக்குத்தாக வளரும் கிளையை வளைத்துத் தரையில் அடித்த முளையில் கயிறு போட்டுக் கட்டிவிட்டால், அதுவரை உறங்கிக்கொண்டிருந்த கணுக்கள் வரிசையாகத் துளிர்ப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இப்படி நடத்தப்படும் மரத்தை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி வைக்க முடியும். ஏணியின் தேவையே வராது. மாமரத்தை இந்த அளவுக்கு நறுக்கினால் அது அந்த ஆண்டுக்குப் பூக்க மறுத்துவிடும்.

நடுவதும் சிரமமில்லை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றரை அடியாகக் குழி எடுத்து, மட்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, தாய்மரத்தின் கிளையை வேர்விடச் செய்து எடுத்த பதியன் செடியை வைத்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும். விதைக் கன்று தாமதமாகும் என்பதோடு தாய்மரத்தின் குணத்தையும் உறுதியாகக் கொண்டுவராது. லக்னோ-49 நம் பக்கத்தில் நன்றாகத் தேறிய வகை. மணிகண்டம் வட்டாரம் போன்ற களர் மண்ணிலும், ஆழ்துளைக் கிணற்றின் சற்றே உப்பான தண்ணீரிலும் மற்றப் பழமரங்கள் முகம் சுளிக்கும்போது கொய்யா தாங்கிக்கொள்கிறது. திருச்சிக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பழத்தின் சத்தைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை; நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கும் மேல் வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது.

கொய்யாவின் தொல்லைகளையும் சொல்லாவிட்டால் நான் குறை சொன்ன கட்டுரையின் வேலையையே நானும் செய்தவனாவேன். மழைக்காலத்துப் பழத்தில் பழ ஈ முட்டையிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளி மட்டும் தெரிய, உள்ளே புழு நெளியும். காய் எலுமிச்சை அளவு வரும்போதே காகித உறை கட்டுவதும், கீழே விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்கிப் புதைப்பதும் தவிர வீட்டளவில் எளிய வழி இல்லை. மாவுப்பூச்சி எறும்புகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வரும். அணிலுக்கும் வௌவாலுக்கும் பங்கு போகும் என்பதை நட்ட அன்றே ஒப்புக்கொண்டுவிடுவது நிம்மதி. காலையில் வாசல் பெருக்க யாருக்கும் நேரமில்லாத வீட்டில், அழுகிய பழ வாடையோடு நிற்கும் மரத்தைவிடப் புல் எவ்வளவோ மேல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டையுமே வைக்க விரும்புபவர்கள், இளங்கன்றின் அடியில் அழகுக்காகப் புல்லை நெருக்கி நடுவதைத் தவிர்க்க வேண்டும். புல்லின் நெருக்கமான வேர்கள் மேல்மண்ணின் ஈரத்தையும் சத்தையும் முதலில் எடுத்துக்கொள்வதால் கன்று ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும். மரத்தைச் சுற்றி மூன்றடிக்குச் சருகு மூடாக்கு மட்டும் இருக்கட்டும். புல்தான் வேண்டும் என்றால் நம் வெட்டிவேர் இருக்கிறதே! கடலூர் மாவட்டத்து மணற்பாங்கான நிலங்களில் பயிராகும் அதுவும் ஆள் மார்பளவுக்குத் தூர் கட்டி வளைந்து நிற்கும்; தென்னிந்திய வகை முளைக்கும் விதை பரப்புவதில்லை; குளியலறைத் தண்ணீர் போகும் வழியில் வைத்தால் அதைக் குடித்தே வளரும். கதிரின் பளபளப்பு மட்டும் அதில் கிடைக்காது.

வார இணைப்பின் தோட்டப் பகுதியை விரும்பி வாசிப்பவன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள். இனி எந்த அலங்காரச் செடியைப் பற்றி எழுதினாலும், கடைப்பெயரோடு அதன் தாவரப் பெயரையும், அது விதையால் பரவுமா, தூரால் மட்டும் பெருகுமா என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். அதோடு, கொய்யா, சீத்தா, எலுமிச்சை, மாதுளை ஆகியவற்றைச் சிறிய மனையில் கவாத்து செய்து வளர்க்கும் முறையைப் படங்களோடு ஒரு கட்டுரையாகத் தோட்டக்கலைத் துறையினர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்து, ஐப்பசி மழைக்கு முன்பே வெளியிட்டால், இந்த ஆண்டே குழி எடுக்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி