ஹாலோகிராம் பாடம் ஆய்வகத்துக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வட்டாரக் கல்லூரிகளில் இயற்பியல் ஆய்வகங்கள் பழைய கருவிகளோடு தூசி படிந்து கிடப்பதாக உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பேட்டி கொடுத்த எல்லோரும் ‘நிதி இல்லை’ என்ற ஒரே பதிலோடு முடித்துக்கொண்டதுதான் உறுத்துகிறது. பெரிய நிதி தேவைப்படாததையும் நாம் செய்யவில்லையே? ஹாலோகிராம் பாடத்தைத்தான் சொல்கிறேன், ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி அலையை இன்னோர் ஒளியோடு கலந்து வரிகளாகப் பதிந்து, அதிலிருந்து பொருளின் உருவத்தை மீட்கிற வித்தை.

பி.எஸ்சி. இயற்பியலில் லேசர் வந்தால் பின்னாலேயே ஹாலோகிராம் வரும். பிள்ளைகள் லேசர், கண்ணாடி, பொருள், ஃபிலிம் தகடு என்று நாலு பெட்டி வரைந்து, அம்புக்குறி போட்டு, மார்க்கை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தப் படம் 1960களில் லீத், உபாட்னியெக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த ஏற்பாடு. அதை அப்படியே செய்து பார்ப்பது நம் ஊரில் கஷ்டம்தான்: தனி ஃபிலிம் வேண்டும், இருட்டறை வேண்டும், பதிவாகிற நேரம் முழுக்க ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு அளவுகூட எதுவும் அசையக் கூடாது, வெளியே ஒரு டவுன் பஸ் போனாலே எல்லாம் போச்சு. அதனால் விட்டார்கள், சரி. ஆனால் 1967இலேயே குட்மனும் லாரன்ஸும் ஃபிலிமை ஒதுக்கிவிட்டு, பழைய டி.வி. கேமராக் குழாயில் பதிந்த ஹாலோகிராமைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து உருவத்தை மீட்டுவிட்டார்கள். 1994இல் ஷ்னார்ஸும் யூப்ட்னரும் சிசிடி என்னும் மின்னணுச் சில்லு உள்ள கேமராவில் நேரடியாகவே பதிந்து மீட்டார்கள். நம் நோட்ஸ் மட்டும் இன்னும் இருட்டறையிலேயே இருக்கிறது.

இன்றைக்கு என்ன வேண்டும்? ஒரு எல்.இ.டி., அதன் முன் ஊசித்துளை போட்ட அலுமினியத் தாள், லென்ஸைக் கழற்றிய ராஸ்பெரி பை கேமரா, அதை இணைக்க ராஸ்பெரி பை என்னும் கையளவு கம்ப்யூட்டர், ஒரு சாதாரண லேப்டாப். அவ்வளவுதான். லேப்டாப்பை விட்டுவிட்டால் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற காரியம். அந்தக் கேமராவின் இரண்டாம் பதிப்பில் ஒரு பிக்சல் 1.12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). இதற்கு அது தாராளம். (கலர் வடிகட்டி மேலே இருப்பதால் சிவப்பு எல்.இ.டி. போட்டால் நாலில் ஒரு பிக்சல்தான் உதவும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.) கண்ணாடி வில்லையில் செம்பருத்தி மகரந்தத்தைத் தட்டி, சென்சாருக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே வைத்துப் படம் எடுத்தால் மகரந்தம் தெளிவாகத் தெரியாது, ஒவ்வொரு தூளையும் சுற்றி வட்ட வட்டமாக வரிகள்தான் தெரியும். அதுதான் ஹாலோகிராம். எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கிற இந்த ஏற்பாட்டை, லேசர் பிறக்கும் முன்பே, 1940களின் கடைசியில் ஹாலோகிராமைக் கண்டுபிடித்த டென்னிஸ் கேபர் செய்துவிட்டார். எல்.இ.டி. பிரகாசமாக இருந்தால் பதிவு மில்லிசெகண்டுகளில் முடிந்துவிடும், பஸ்ஸைப் பற்றிக் கவலையே இல்லை.

அப்புறம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் முப்பது நாற்பது வரி. படத்துக்கு ஃபூரியர் மாற்றம் (படத்தை அலைகளாகப் பிரித்துப் பார்க்கிற கணக்கு) எடுத்து, ஒளி அந்தத் தூரம் பயணம் செய்ததற்கான காரணியால் பெருக்கி, திருப்பி மாற்ற வேண்டும். தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் வரிகள் எல்லாம் உள்ளே சுருங்கி, முள் முள்ளான விளிம்போடு மகரந்தத் தூள் வந்து நிற்கும். படத்தை எடுத்து முடித்த பிறகு ஃபோகஸ் செய்கிறோம், அதுவும் எந்த ஆழத்தில் வேண்டுமானாலும்! கணிதத் துறையில் எதற்கு என்றே தெரியாமல் ஃபூரியர் மாற்றத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. 1024க்கு 1024 பிக்சல் படத்துக்கு ஃபூரியர் மாற்றத்தை நேரடியாகக் கணக்குப் போட்டால் சுமார் ஒரு லட்சம் கோடி பெருக்கல், 1965இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட வழியில் போட்டால் இரண்டு கோடி அளவில் முடிந்துவிடும்.

எல்லாம் சுத்தமாக வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். மீட்ட உருவத்தைச் சுற்றி இன்னொரு மங்கலான வட்டக் கூட்டம் ஒட்டிக்கொண்டே இருக்கும், இரட்டை உருவம் என்பார்கள், கேபரையே படுத்தியது அது. கேமரா ஒளியின் அளவை மட்டும் பதிகிறது, அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்கத்தில் அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) தொலைத்துவிடுகிறது என்பதால் வருகிற வினை. லீத்தும் உபாட்னியெக்ஸும் துணைக்கற்றையை, அதாவது பொருளைத் தொடாமல் நேராக வருகிற ஒளியை, சாய்த்து விட்டதே இதற்காகத்தான். 1997இல் யமகுச்சியும் ஜாங்கும் துணைக்கற்றையின் கட்டத்தைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்திப் பல படம் எடுத்துத் தீர்த்தார்கள். கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் 1972இல் கொடுத்த மாதிரித் திரும்பத் திரும்பக் கணக்கிட்டும் குறைக்கலாம். ஒரு செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு இதுவே போதும். காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்கி, வைவாவில் திருதிருவென விழிக்கிற கூத்தாவது குறையும்.

தலைகீழாகவும் செய்யலாம், பொருளே இல்லாமல். 1966இல் பிரவுனும் லோமனும் ஹாலோகிராமைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, வரைந்து, சிறிதாக்கினார்கள். நாம் ‘அ’ என்ற எழுத்துக்கான ஹாலோகிராமைக் கணக்கிட்டு, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் ஓ.ஹெச்.பி. ஷீட்டில் (ஒளி புகும் பிளாஸ்டிக் தாள்) 600 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், பிரிண்ட் எடுத்தாலே போதும். ஒரு புள்ளி சுமார் 42 மைக்ரான். சிவப்பு லேசர் பாயின்டரை அதன் வழியாக ஐந்து மீட்டர் தள்ளியுள்ள சுவரில் அடித்தால், நடுவில் ஒரு பளிச் புள்ளி, அதன் ஒரு பக்கம் நாலு சென்டிமீட்டருக்குள் ‘அ’, மறு பக்கம் அதே ‘அ’ தலைகீழாக. கொரகொரவென்றுதான் இருக்கும், பாயின்டரின் கற்றை சில பத்துப் புள்ளிகள் அகலத்தைத்தான் தொடுகிறது. (கண்ணில் அடிக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.) நகைக்கடை வாசலில் சுழலும் விசிறியில் ஹாலோகிராம் என்று காட்டுகிற பொம்மை வேறு சங்கதி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவுக்கும், சொந்தமாகப் பாடத்திட்டம் போட்டுக்கொள்கிற தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் என் கோரிக்கை இதுதான்: அந்தப் பத்து மார்க் படத்தை எடுத்துவிட்டு, இந்த இரண்டையும் செய்முறைப் பட்டியலில் சேருங்கள். பைத்தான் தெரியாத ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும், தெரிந்த மாணவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்த கல்வியாண்டுக்கான பட்டியல் முடிவாகும் முன் சம்பந்தப்பட்ட யார் கண்ணிலாவது பட வேண்டும் என்பதால், கொஞ்சம் நீளம் என்றாலும் வெட்டாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
திருமங்கலம்