வாழையை மூடு கணக்கில் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் சூறைக்காற்று அடித்த மறுநாள் "வாழைகள் சாய்ந்தன, நிவாரணம் வழங்க விவசாயிகள் கோரிக்கை" என்று செய்தி வந்துவிடுகிறது. நிவாரணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது மட்டும் எதிலும் வருவதில்லை. பலருக்குப் பணம் வராமல் போவதும், வந்தாலும் சாய்ந்ததை வெட்டி மாற்றும் கூலிக்கே போதாததும் அந்தக் கணக்கால்தான். ஹெக்டேர் கணக்கை விட்டு மூடு கணக்கில், அதாவது ஒவ்வொரு வாழையாக எண்ணி, நிவாரணம் தர வேண்டும்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிமுறைப்படி, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு மானாவாரி என்றால் 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது நம் மாவட்டம் உட்பட தென்மாவட்டங்களுக்கு அறிவித்ததும் இதே தொகைதான். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரை என்று உச்சவரம்பும் உண்டு. அதைப் பற்றி இங்கே கவலைப்படுகிறவர் அபூர்வம். கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு பக்கமெல்லாம் நிலத்தைச் சென்டில்தான் சொல்வார்கள்; ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 247 சென்ட்.

25 சென்டில் ஏழு அடிக்கு ஏழு அடி இடைவெளியில் சுமார் 220 மூடு வாழை நிற்கும். அத்தனையும் விழுந்தாலும், பாசனப் பயிர்க் கணக்கில் வருவது 1,720 ரூபாய். குறைந்தபட்சம் 2,000 தர வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால் மூட்டுக்கு ஒன்பது ரூபாய். முட்டு கொடுக்கும் கம்பின் விலைகூட அதில் தேறாது. எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் பாசன ஆதாரம் எழுதாமல் மானாவாரி என்று கிடந்தால் இதுவும் பாதியாகிவிடும். கிணற்றிலிருந்து ஓஸ் போட்டு நனைக்கும் தோட்டங்கள் பல இப்படித்தான் பதிவாகியிருக்கின்றன.

இதைவிட வினை செய்வது அந்த 33 சதவீதம். காற்று எல்லா மூட்டையும் ஒரேபோல் சாய்ப்பதில்லை. குலை தள்ளியது தலைப்பாரத்தால் முதலில் ஒடியும். இளங்கன்று இலை கிழிந்ததோடு தப்பிவிடும். 220 மூட்டில் குலையோடு நின்ற 60 ஏத்தன் (நேந்திரன்) வாழை போனால் அந்த ஆண்டின் வருமானமே போயிற்று. ஆனால் சதவீதம் 27தான். பட்டியலில் பெயர் ஏறாது. தண்டு பாதி ஒடிந்து சாயாமல் நிற்பவற்றையும் பார்க்க வருகிறவர்கள் நல்ல மூடாகவே எண்ணிவிடுகிறார்கள். அந்தக் குலை முற்றாது, நான்கைந்து நாளில் மூடும் விழுந்துவிடும்.

மரத்தை எண்ணிப் பணம் கொடுக்க அரசுக்குத் தெரியாதது அல்ல. 2018இல் கஜா புயலுக்குப் பின் தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தார்கள். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய் ஆயிற்று. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் பயிர்க் காப்பீட்டில் வாழைக்கு மூடு கணக்குதான். குலை தள்ளியதற்கு ஒரு தொகை, தள்ளாததற்கு வேறு. ஒரே காற்று, எல்லைக்கு இரண்டு பக்கமும் இரண்டு நியாயம். குமரி வாழைக்கும் அதே முறையைக் கொண்டுவர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

"காப்பீடு செய்திருக்கிறோமே" என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வாழைக்குப் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை கட்டுகிறோம். இழப்பீடு பிர்க்காவின், அதாவது பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த வட்டாரத்தின், சராசரி மகசூலைப் பார்த்தே வரும். தனி வயலின் சேதத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தரும் வசதி ஆலங்கட்டி, மண்சரிவு, மேகவெடிப்பு போன்றவற்றுக்கு இருக்கிறது. சூறைக்காற்று அந்தப் பட்டியலில் இல்லை.

விதி மாறும்வரை விவசாயிகள் செய்யக்கூடியவை சில உண்டு. தென்னைக்கு ஊடே வாழையும் மரச்சீனியும் (மரவள்ளி) நட்டால் அடங்கலில் பெரும்பாலும் தென்னை மட்டுமே இருக்கும். தென்னை விழாவிட்டால் சேதம் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். எனவே நட்ட மாதத்திலேயே உட்பிரிவு எண்ணைச் சொல்லி ஊடுபயிரையும், பாசன ஆதாரத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வைக்க வேண்டும். காற்று அடித்த பிறகு, சர்வே எண், மொத்த மூடு, குலையோடு விழுந்தது, குலை தள்ளாமல் விழுந்தது, ஒடிந்து நிற்பது என்று தனித்தனியாக எழுதி, கிராம நிர்வாக அலுவலருக்கும் உதவித் தோட்டக்கலை அலுவலருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இடமும் தேதியும் பதியும் கேமராச் செயலியில் படம் எடுக்காமல் ஒரு மூட்டையும் வெட்டி மாற்றாதீர்கள். பிஞ்சுக் குலையை விற்றுத் தோட்டத்தைச் சுத்தம் செய்த பிறகு கணக்கெடுக்க வருகிறவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா, வங்கிகளை ஒன்றாக இணைத்த பின் ஐ.எப்.எஸ்.சி. எண் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் பணம் திரும்பிப் போவது இதனால்தான்.

பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பயிரிடுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். வாய்ப்பேச்சில் எடுத்த நிலத்துக்குக் கடுதாசி கிடையாது; பட்டா வெளிநாட்டில் இருப்பவர் பெயரிலோ, இறந்துபோன தாத்தா பெயரிலோ கிடக்கும். பணம் பட்டாக்காரருக்குப் போகும், இல்லையென்றால் யாருக்கும் போகாது. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை எழுத வழி இருக்கிறது. கணக்கெடுப்புக்கு வரும் அலுவலர்கள் அக்கம்பக்கத்து இரண்டு விவசாயிகளின் கையெழுத்தைச் சாட்சியாக வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரையே நிவாரணப் பட்டியலில் சேர்க்க மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.