நீ வராத எட்டு நாட்கள்

அன்புள்ள வித்யா,

போனை எடுத்தாலே "சாரிம்மா" என்றுதான் ஆரம்பிக்கிறாய். இத்தோடு விடு. கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போனது உன் தப்பில்லை. டிக்கெட் போட்டாயிற்று, விசாவும் வந்தாயிற்று, 63 வயதில் ஒருத்தி தனியாகப் போனால் ஜப்பான் அவளைத் தின்றா விடும் என்று நானும் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து உன்னிடம் சொன்னதெல்லாம் "நல்லா இருந்துச்சு" மட்டும்தான். மீதியை எழுதினால்தான் எனக்கு வரும்.

ஓசாகாவில் முதல் குழப்பம் எஸ்கலேட்டரில். நான் படித்துக்கொண்டு போனது தோக்கியோ வழக்கம், இடப்பக்கம் நிற்பது. ஓசாகாக்காரர்கள் வலப்பக்கம் நிற்கிறார்கள். என் பின்னால் ஒரு வரிசையே தேங்கிவிட்டது, ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. யாராவது திட்டியிருந்தால் சீக்கிரம் நகர்ந்திருப்பேன்.

சாப்பாடு நீ பயந்த மாதிரிதான். காய்ந்த சூரை மீனைச் சீவிக் கொதிக்க வைத்த சாறுதான் அங்கே பாதிச் சமையலுக்கு அடி. தோஃபு மட்டும் மிதக்கிற சூப்பிலும் அது இருக்கும். கடை கடையாக விசாரித்து அலுத்து, இரண்டாம் நாளே உமேபோஷி வைத்த சோற்று உருண்டைக்கு மாறிவிட்டேன். உப்பில் ஊறிய அந்தப் பழம் நம் நார்த்தங்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. சோற்றில் என்ன கலந்திருந்தார்களோ, அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஹிமேஜி கோட்டைக்குப் போன கதையை உன்னிடம் மறைத்துவிட்டேன். ஓசாகாவிலிருந்து ஷின்கைசோகு என்கிற விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். சீட்டு சுகமாக இருந்தது, ஜன்னல் வழியே வெயில் வேறு. தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வண்டி ஹிமேஜியை எப்போதோ தாண்டி பான்ஷு-அக்கோ என்ற கடைசி நிலையத்தில் நிற்கிறது. ஒரு நிமிஷம் நெஞ்சு படபடத்தது. அப்புறம் யோசித்தேன், யார் எனக்காகக் காத்திருக்கிறார்கள்? வெளியே இறங்கி நடந்தேன்.

47 ரோனின், அதாவது தலைவனை இழந்த சாமுராய் வீரர்கள், கதை நீ கேட்டிருப்பாய். தலைவனை 1701-ல் வயிற்றைக் கிழித்துச் சாகச் சொல்லித் தண்டித்தார்கள். அவனுடைய வீரர்கள் பொறுத்திருந்து 1703-ன் தொடக்கத்தில் பழி தீர்த்துவிட்டு, அதே தண்டனையை ஏற்றுச் செத்தார்கள். அவர்கள் ஊர் இந்த அக்கோதான். இந்த ஊர்க் கோட்டைக்குள் அவர்களுக்கு ஒரு கோயில், போகும் வழியின் இரண்டு பக்கமும் கல்லில் வரிசையாக நிற்கிறார்கள். அன்றைக்கு அங்கே என்னையும் சேர்த்து நாலைந்து பேர்தான். ஊர் உப்புக்குப் பேர் போனது என்று ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். ஹிமேஜிக்குத் திரும்பியபோது கோட்டைக்குள் விடும் நேரம் முடிந்திருந்தது. வெளியே நின்று பார்த்தேன். வெள்ளை நாரைக் கோட்டை என்கிறார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். நீ கூட இருந்திருந்தால் சரியான நிலையத்தில் இறங்கியிருப்போம், எனக்கு அக்கோ கிடைத்திருக்காது.

கியோத்தோவில் சிவப்பு வாசல்கள் வரிசைகட்டும் ஃபுஷிமி இனாரியில் கூட்டம், அதை விடு. சஞ்சூசங்கென்தோவில்தான் அரை நாள் இருந்தேன். நெருப்பில் போனதை 1266-ல் திரும்பக் கட்டிய நீள மண்டபம், சுமார் 120 மீட்டர். உள்ளே கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரர், 1,001 சிலைகளாக. நடுவில் பெரியதாக ஒருவர் உட்கார்ந்திருக்க, இரண்டு பக்கமும் ஆள் உயரத்தில் ஐந்நூறு ஐந்நூறாக நிற்கிறார்கள். முன்வரிசைக் காவல் தெய்வங்களின் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டேன். கருரா என்று எழுதியிருக்கிறது. அலகும் இறக்கையுமாக நம் கருடாழ்வார், கையில் புல்லாங்குழல்! பெருமாளைச் சுமக்கிற வேலை இங்கே இல்லை போலிருக்கிறது, வாசிக்க நேரம் கிடைத்திருக்கிறது. நாராயணனும் இந்திரனும்கூட வேறு பெயரில் இருக்கிறார்கள்.

அந்த ஆயிரத்தில் எங்காவது நாம் பார்க்க நினைக்கும் முகம் தென்படும் என்பது அங்கே வழங்கும் நம்பிக்கை. ஒவ்வொரு வரிசையாகத் தேடினேன். அப்பா இல்லை. மூன்றாவது வரிசையில் நம் தெரு தபால்காரர் இருந்தார், சத்தியமாக. சிரிப்பு வந்துவிட்டது. பேசவே கூடாத இடம், வாயைப் பொத்திக்கொண்டேன்.

நாரா பெரிய புத்தருக்கு 752-ல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. நம்மூர்ச் சிற்பிகளும் கடைசியில்தானே கண் திறக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மான்கள் பிஸ்கட்டுக்குக் கும்பிடு போடுகின்றன, தராவிட்டால் முந்தானையைக் கடிக்கின்றன.

ஹிரோஷிமாவைப் பற்றி நீ கேட்டபோது பேச்சை மாற்றினேன். அருங்காட்சியகத்தில் ஒரு டிபன் டப்பா இருக்கிறது. 13 வயதுப் பையனுடையது. தானே கொத்திப் பண்படுத்திய நிலத்தில் முதலில் விளைந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள் என்று 1945 ஆகஸ்ட் 6 காலையில் சந்தோஷமாக எடுத்துப் போனான். உடலைத் தேடிக் கண்டுபிடித்தவள் அவன் அம்மா. டப்பாவை வயிற்றோடு அணைத்தபடி கிடந்தானாம். உள்ளே சோறு அப்படியே கரியாகியிருக்கிறது. உனக்குப் பன்னிரண்டு வருஷம் டப்பா கட்டினேன். மிச்சம் வைத்துக் கொண்டுவந்தாய் என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன். வெளியே ஆற்றங்கரை பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் உனக்காகச் சீக்கிரம் எழுந்திருப்பேன்.

மறுநாள் மியாஜிமா தீவு. கடலுக்குள் நிற்கும் அந்தச் சிவப்பு வாசல் 1875-ல் எழுப்பியது. மண்ணில் புதைக்காமல் தன் பாரத்திலேயே நிற்கிறது. எனக்கு அதைவிட மிசென் மலைதான் பிடித்தது. ரோப்காரில் ஏறி, அப்புறமும் படியேறிப் போனால் ஒரு சின்ன மண்டபம். கோபோ தாய்ஷி என்ற பௌத்தத் துறவி மூட்டிய தீ 1,200 வருஷமாக அணையாமல் இருக்கிறது என்கிறார்கள். மேலே இரும்புக் கெண்டியில் வெந்நீர். புகையில் சுவரெல்லாம் கரி, உன் ஆச்சியின் அடுப்படி வாசனை. ஹிரோஷிமா பூங்காவில் 1964-ல் ஏற்றிய சுடருக்கு இங்கிருந்தும் தீ கொண்டு போனார்களாம். அதைக் கேட்டதும் முழங்கால் வலி கொஞ்சம் மறந்தது. வெந்நீர் ஒரு வாய் குடித்தேன்.

அக்கோ உப்பில் பாதியை கூரியரில் போட்டிருக்கிறேன், மாங்காய்க்குத் தொட்டுக்கொள். ரயிலுக்கு வாங்கிய இகோகா அட்டையில் இன்னும் 860 யென் இருக்கிறது. கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து 10 வருஷம் செல்லுமாம். திருப்பிக் கொடுத்தால் காசு வாங்கியிருக்கலாம், கொடுக்கவில்லை. பீரோவில் அப்பாவின் வாட்ச் இருக்கும் டப்பாவிலேயே வைத்திருக்கிறேன். ஹிமேஜியை இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை அல்லவா.

அன்புடன்,
அம்மா