டைமிங் பெல்ட் மாற்றப் போகும் அக்கா மகனுக்கு

மாப்பிள்ளை,

பழைய சான்ட்ரோ கார் ஒன்று வாங்கியிருக்கிறாய், அதன் டைமிங் பெல்ட்டைப் பாலக்கோட்டு வீட்டு வாசலிலேயே நீயே மாற்றப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். அவளுக்குப் பயம். எனக்கு சந்தோஷம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உன்னைப் போலப் பழைய வண்டி வாங்கியவர்கள் நிறைய, அவர்களும் படிக்கட்டும்.

வண்டியை விற்றவர் "பெல்ட்டெல்லாம் புதுசுங்க" என்றாராம். எந்த பெல்ட் என்று கேட்டாயா? பானெட்டைத் தூக்கினால் கண்ணில் படுவது ஃபேன் பெல்ட். டைமிங் பெல்ட் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். வண்டி அதிகம் ஓடவில்லை என்பதும் கணக்கில்லை. ரப்பர் சும்மா நின்றாலும் வயதாகும். ஆயில் கசிந்து பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். நிறைய கார்களுக்கு 60,000 முதல் 1,00,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்வார்கள். கூடவே இத்தனை வருடம் என்றும் ஒரு கணக்கு இருக்கும். உன் வண்டிப் புத்தகத்தில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

இந்த பெல்ட் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அவசரப்பட மாட்டாய். கீழே பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்கையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேமையும் இதுதான் சேர்த்துப் பிடிக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. என்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஓடும்போது கிராங்க் நொடிக்கு 50 சுற்று, கேம் 25 சுற்று. திறந்த வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வரும் என்ஜின்கள் பல. அதில் பெல்ட் அறுந்தால் கேம் அப்படியே நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. வால்வு வளையும், வால்வுகள் இருக்கும் என்ஜின் மேல்பகுதியான ஹெட்டை இறக்க வேண்டிவரும். உன் வண்டியும் அந்த வகை என்று நினைத்துக்கொண்டே வேலை செய்.

செலவை விடப் பெரிய கவலை எனக்குத் தொப்பூர் கணவாய். சேலம் போகும்போது அந்த இறக்கத்தில் பின்னால் லோடு லாரிகள் வரிசையாக வரும். அங்கே என்ஜின் நின்றால் பிரேக்கை லேசாக மிதிக்க என்ஜின் தரும் வேக்குவம் உதவி நாலைந்து மிதிக்குள் தீர்ந்துவிடும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகும். பெல்ட் மாற்றாமல் அந்தப் பக்கம் வண்டியை எடுக்காதே.

சாமான் வாங்கும்போது பெல்ட் மட்டும் வாங்காதே. பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து வாங்கு. அதன் பேரிங் இறுகினால் புது பெல்ட்டையும் தின்றுவிடும். கேம், கிராங்க் ஆயில் சீல் கசிந்தால் இப்போதே மாற்று. இவ்வளவு பிரித்தால்தான் வாட்டர் பம்ப் கைக்கு எட்டும் என்றால் அதையும் மாற்றிவிடுவதே நல்லது. கிருஷ்ணகிரியில் நல்ல சாமான் கிடைக்காவிட்டால் ஓசூர் போய் வா. விலை குறைவு என்று பெயர் தெரியாத பெல்ட் வேண்டாம்.

என்ஜின் முழுக்க ஆறிய பிறகு தொடங்கு. பேட்டரி நெகட்டிவைக் கழற்று. டிரைவர் பக்க முன்சக்கரத்தை எடுத்ததும் வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கியில் அல்ல. அந்தப் பக்கம் என்ஜினைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றும் முன் சம்புக்கு, அதாவது என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, கீழே கட்டை வைத்து முட்டுக்கொடு. கிராங்க் புல்லி போல்ட் லேசில் விடாது. ஐந்தாவது கியரில் போட்டு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, நீளமான கம்பி மாட்டித் திருப்பு. ஸ்பேனரை மாட்டிவிட்டு செல்ஃப் அடித்துக் கழற்றுகிறவர்கள் உண்டு. நீ அதைச் செய்யவே கூடாது; ஸ்பேனர் எகிறினால் கை போய்விடும்.

பழைய பெல்ட்டை எடுக்கும் முன் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டைப் பிடித்து என்ஜின் ஓடும் திசையிலேயே கையால் சுற்றி, ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டனை டாப்புக்கு, அதாவது உச்சிக்கு, கொண்டு வா. கிராங்க் புல்லியிலும் கேம் புல்லியிலும் உள்ள குறிகள் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். போட்டோ எடு, வெள்ளை பெயின்ட்டால் புள்ளி வை. பெல்ட் கழன்ற பிறகு இரண்டையும் அசைக்காதே. புது பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக நிற்கும்படி பல்லோடு பல் பொருத்தி, தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வரும்படி மாட்டு.

இனிமேல்தான் வேலையே. டென்ஷனரை முடுக்கியதும் சாவியைத் தொடாதே. கிராங்கைக் கையாலேயே முழுதாக இரண்டு சுற்று சுற்று. மெதுவாக. பிளக் இல்லாததால் உள்ளே காற்று அமுங்காது. கைக்கு எங்காவது கட்டியாகத் தட்டினால் அது இரும்பு இரும்போடு முட்டுவது. உடனே நிறுத்து, பலம் போடாதே. செல்ஃப் மோட்டாருக்கு அந்தத் தட்டல் தெரியாது, வளைத்துவிட்டுத்தான் நிற்கும். இரண்டு சுற்று முடிந்ததும் குறிகள் மறுபடி அதே இடத்துக்கு வர வேண்டும். ஒரு பல் தள்ளி நின்றாலும் திரும்பக் கழற்று. ஒரு பல் தவறினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் ஐடிலிங் தடுமாறும், மேட்டில் இழுக்காது. சரியாக இருந்தால் இன்னொரு தடவை சுற்றிப் பார், அப்புறம் மூடியைப் போடு. போல்ட்டுகளுக்குப் புத்தகத்தில் சொன்ன டார்க், அதாவது முடுக்கும் அளவு; கைக்கணக்கு வேண்டாம்.

வாட்டர் பம்ப் மாற்ற வடித்த கூலன்ட்டை, அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை, வாசலில் விடாதே. அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துவிடலாம்.

எந்த நாள் என்று முடிவு செய்துவிட்டுச் சொல். டார்க் ரெஞ்ச்சும் இரண்டு ஸ்டாண்டும் என்னிடம் இருக்கின்றன, அன்று காலையிலேயே கொண்டு வருகிறேன். பிரேக் மிதிக்க நான் இருக்கிறேன், மற்றதெல்லாம் நீயே செய். அக்காவிடம் மதியச் சாப்பாடு எனக்கும் சேர்த்து என்று சொல்லிவை.

அன்புடன்,
மாமா