போர்வைக்கு டக் பிடிக்க முடியாது

மேற்கு மாம்பலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு வித்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம். விஜயதசமி முடிந்து கொலுப் படியைக் கழற்றிய கையோடு தையல் அலமாரியையும் கவிழ்த்துப் போட்டேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

வெட்டி வைத்துத் தைக்காத ஜாக்கெட் ஐந்து. ஃபால்ஸ் வைக்காத புடவை பதினொன்று. ஜிப் வைக்காத திண்டு உறை இரண்டு. உன் சித்தி திரைச்சீலைக்கென்று கொடுத்த துணி ஒன்று, அவளே மறந்திருப்பாள். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய தலையணை உறைக்குள், உன் பிள்ளை கவினுக்கு என்று துண்டுத் துணிகளைச் சேர்த்து ஆரம்பித்த ஒட்டுப்போர்வை.

போதாததற்கு இந்த நவராத்திரிக்கு வந்த பிளவுஸ் பிட் பதினாலு. அதில் ஒன்று, போன வருஷம் நானே ஓரத்தில் மஞ்சள் தடவி ஒருவருக்கு வைத்துக்கொடுத்தது. நாலு வீடு சுற்றிவிட்டு அதே மஞ்சளோடு எனக்கே வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு நூல் உருவி விளக்கில் காட்டிப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் உதிரும். பாலியஸ்டர் உருகிச் சின்னக் குண்டுமணியாக இறுகிவிடும். பதினாலில் மூன்றுதான் பருத்தி. மற்றதெல்லாம் அடுத்த நவராத்திரிக்கு மறுபடியும் ஊர் சுற்றப் போகட்டும்.

இத்தனை வருஷம் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று நினைத்தே ஒன்றையும் முடிக்கவில்லை. இந்தத் தடவை முதலில் எதைக் கைகழுவுவது என்று பார்த்தேன். பதினொரு புடவையும் தெருமுனை டெய்லரிடம் போய்விட்டது. ஃபால்ஸை மட்டும் நானே தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுத்தேன். அவர் அதெல்லாம் செய்யமாட்டார், நனைக்காவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கிப் புடவை ஓரம் சுருட்டிக்கொள்ளும். ஜாக்கெட் ஐந்தும் 2016-ல் என் அளவுக்கு வெட்டியது. அந்த அளவு இப்போது யாரிடம் இருக்கிறதோ! அதைச் சதுரமாக வெட்டிப் போர்வைக்கு எடுத்துக்கொள்கிறேன். திரைச்சீலை சித்திக்கே திரும்பிப் போகிறது. திண்டு உறைக்கு ஜிப் வேண்டாம், நாடா வைத்துக் கட்டிவிடலாம், ஒரு மத்தியான வேலை.

ஆக, மிச்சம் போர்வைதான்.

உன் வளைகாப்புக்கு வந்த துணி, உன் பள்ளிக்கூடத்துச் சுங்குடி தாவணி, பாட்டியின் நூல்புடவை இரண்டு, எல்லாவற்றிலும் ஐந்து அங்குலச் சதுரம் வெட்டினேன். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை நிற்கும். எட்டுக்குப் பத்து, 80 சதுரம். 36-க்கு 45 அங்குலம், தொட்டில் பிள்ளைக்குத் தாராளம். மேல்துணி முழுக்கத் தைத்தும் முடித்தேன். அப்புறம் 2020-ல் கொரோனா. அடித்துணிக்கு வைத்திருந்த பருத்தியெல்லாம் மாஸ்க் ஆனது. 2021 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து அலமாரியின் கீழ்த்தட்டு ஊறியது. சுங்குடியின் சிவப்பு பாட்டியின் வெள்ளைச் சதுரம் மூன்றில் இறங்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் முக்கினால் சாயம் நிற்கும் என்பார்கள், நம்பாதே. வெட்டுவதற்கு முன்னாலேயே தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசியிருக்க வேண்டும். நான் அலசவில்லை.

மழை, கொரோனா என்று சொல்கிறேனே தவிர, உண்மை உனக்குத் தெரியும். எனக்கு வெட்டப் பிடிக்கும், நிறம் சேர்த்துப் பார்க்கப் பிடிக்கும். மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் அடுக்கி விரித்து ஓட்டுத்தையல் போடுகிற கட்டம் வந்தால் சமையலறையில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிடும்.

இதற்குள் கவினுக்கு ஏழு வயது. 45 அங்குலம் இப்போது போர்த்தினால் பாதம் வெளியே நிற்கும். உன் பட்டுப்பாவாடை ஒவ்வொன்றிலும் உள்ளே இரண்டு டக் பிடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடுவேன், நினைவிருக்கிறதா? போர்வையில் அந்த வித்தை நடக்காது. நாலு பக்கமும் இரண்டிரண்டு வரிசை சேர்க்கப் போகிறேன். பன்னிரண்டுக்குப் பதினாலு, 168. இன்னும் 88 சதுரம் வேண்டும். ஜாக்கெட் துணியும் மூன்று பிட்டும் சேர்ந்தால் வந்துவிடும். அகலம் 54, நீளம் 63 ஆகும். அடியில் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி. அதன் அகலம் 50 அங்குலம்தான், ஒரு மூட்டுப் போட்டாக வேண்டும், பரவாயில்லை. நடுவிலும் வேட்டிதான். உங்கள் டொரண்டோ குளிருக்குப் பஞ்சு வைக்கலாமா என்று யோசித்தேன். வீட்டுக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு ஜட்டியோடு ஓடுகிற பிள்ளைக்குப் பஞ்சு எதற்கு?

காலை பத்தரைக்கு வேலைக்காரம்மா போனதும் உட்கார்கிறேன், பன்னிரண்டரைக்கு எழுந்துவிடுகிறேன். ஃபேனை நிறுத்தாமல் சதுரங்களை அடுக்க முடியாது, பறந்துவிடும். சித்திரையில் இது நடக்கிற காரியமா? ஐப்பசியிலும் மார்கழியிலும்தான் முடியும். ஓட்டுத்தையல் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் துணி நடுவில் உப்பிக்கொள்ளும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தூரத்துப் பஸ் நம்பர் தெரிகிறது, ஊசிக்காது தெரியவில்லை. அப்பா தினமும் காபி குடித்ததும் பத்து ஊசியில் நூல் கோத்துப் பழைய ஸ்பாஞ்சில் வரிசையாகக் குத்தி வைக்கிறார். பத்தும் தீர்ந்தால் அன்றைய வேலை முடிந்தது என்று கணக்கு. நேற்று எட்டு ஊசி தீர்ந்ததும் எழுந்தேன், "இன்னும் இரண்டு பாக்கி" என்றார், வாட்ச்மேன் மாதிரி.

பொங்கல் வரை புதுத்துணி வாங்குவதில்லை என்று அவரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையத்துக்கு நடைமேம்பாலம் வந்ததிலிருந்து ரங்கநாதன் தெரு ரொம்பக் கிட்டே வந்துவிட்டது. நூல்கண்டு வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால் அவரும் செருப்பை மாட்டுகிறார்.

எதிர்வீட்டுப் பையன் தை மாதம் உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், பெட்டியில் ஒன்றரைக் கிலோ இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் முடித்தாக வேண்டும். கவினைச் சுவரோரம் ஷூ இல்லாமல் நிற்க வைத்து உயரம் அளந்து அனுப்பு. எக்கி நிற்பான், குதிகாலைப் பார்த்துக்கொள். கால்பக்கம் வரிசை இரண்டா மூன்றா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்துத் துணியை இன்னும் வெட்டவில்லை.

அன்புடன்,
அம்மா